நாற்பது மணி நேர விளையாட்டும் பதினான்கு குழிகளும்

இந்த வாரக் கடிதம் 28 வயது வாசகர் ஒருவருடையது. டெல்டாப் பக்கத்துக்காரர். சென்னையில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறார். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெஸ்டிங் வேலை. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை வைத்து ஒரு கேம் செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கப்பல் கட்டலாம், துறைமுகம் துறைமுகமாக வணிகம் செய்யலாம், கடலில் போரிடலாம். 40 மணி நேரக் கதை, எல்லா வசனமும் தமிழில், போதாததற்கு ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் வசதியும் உண்டு.

ஒன்றரை ஆண்டாக இதற்கு உழைத்துவருகிறார். ஐந்து ஆன்லைன் வகுப்புகளுக்குப் பணம் கட்டினார். கேம் உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருளான இன்ஜினை மூன்று முறை மாற்றினார். கதைக்கோப்பு 60 பக்கத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆடிப் பார்க்க ஒரு திரைகூட இன்னும் இல்லை. வேலை நேரத்தைத் தின்பதுதான் காரணம் என்று முடிவுக்கு வந்து, கையில் உள்ள 4 லட்சம் ரூபாயை நம்பி ஜூன் மாதம் ராஜினாமா செய்யப் போகிறார். படம் வரையும் நண்பர் ஒருவரிடம் “லாபத்தில் பாதி” என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். யோசனையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் வேறு யாரிடமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. “கேமையெல்லாம் தடை பண்ணிட்டாங்களாமேடா” என்று அம்மா அழுகிறார். கடிதத்தின் கடைசியில் கேள்விகள்: எந்த இன்ஜின் சரி? வேலையை விடலாமா? யோசனைக்குக் காப்புரிமை வாங்க முடியுமா? நான் செய்வதை என் நிறுவனம் உரிமை கோருமா? இவற்றோடு, தனக்குக் கணிதம் வராதே என்ற பயமும், கடைசியாக ஒரு வரியும்: “எனக்குத் திறமை இல்லையோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.”

அன்பு நண்பருக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். 17 ஆண்டுகளாக கேம் செய்வதுதான் என் பிழைப்பு. உங்கள் கடிதத்தில் திறமைக் குறைவுக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. 40 மணி நேரக் கதையோடு, ஆடுபவர் விரும்பிய இடத்துக்கெல்லாம் போகக்கூடிய திறந்த உலகம் ஒன்றைச் செய்ய, அனுபவம் உள்ள நூற்றுக்கணக்கானோர் சம்பளம் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் உழைக்கிறார்கள். அதையே நீங்கள் முதல் பயிற்சியாக எடுத்துக்கொண்டீர்கள். நீச்சல் கற்கப் போனவர் முதல் நாளே பாக் நீரிணையில் இறங்கிவிட்டு, தனக்குக் கை கால் சரியில்லை என்று வருந்துவது போல இருக்கிறது. இறங்கிய இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நானும் அதே இடத்தில்தான் இறங்கினேன். என் முதல் கேம் ஒரு பெரிய துப்பறியும் கதை. பதினான்கு மாதம் அதோடு கிடந்தேன். ஒவ்வொரு முறை தடுக்கியபோதும் கதையில் இன்னும் இரண்டு அத்தியாயம் எழுதினேன், ஏனென்றால் எழுதுவது எனக்கு எளிதாக வந்தது. அதற்குப் பிறகு, சரக்குந்தில் பெட்டி அடுக்கும் ஒரு சின்ன கேமை மூன்று வாரத்தில் முடித்து, பக்கத்து வீட்டுப் பையன் கையில் கொடுத்தேன். ‘தொடங்கு’ பொத்தானை விட்டுவிட்டு, அலங்காரத்துக்கு வைத்திருந்த சரக்குந்துப் படத்தையே அவன் தட்டிக்கொண்டிருந்தான். அந்த அரை நிமிடத்தில் கற்றதை அந்தப் பதினான்கு மாதத்தில் நான் கற்கவில்லை. அடுத்தவர் கையில் போய்ச் சேரும்வரை அது கேம் ஆவதில்லை. நம் மண்டைக்குள் ஓடும் படமாகவே இருக்கிறது. உங்கள் 60 பக்கமும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

வேலையை விடுவது பற்றி

விடாதீர்கள். குறைந்தபட்சம் இந்த ஜூனில் வேண்டாம்.

தனியாக ஒரு விவசாய கேம் செய்து கோடிகளில் சம்பாதித்த வெளிநாட்டவர் என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பவர் எரிக் பரோன். கேமின் பெயர் ஸ்டார்டியூ வேலி, வெளியானது 2016 பிப்ரவரியில். அந்தக் கதையின் பாதிதான் நம் காதுக்கு வருகிறது. அவர் கணினி அறிவியல் பட்டதாரி. வேலை சரியாக அமையாதபோது, கைப்பழக்கத்துக்காகத்தான் அந்த கேமைத் தொடங்கினார். முடிக்க நாலரை ஆண்டு பிடித்தது. அவ்வளவு காலமும் அவருடைய துணைவியின் வருமானம் வீட்டைத் தாங்கியது. அவரும் ஒரு நாடக அரங்கில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் பகுதி நேர வேலைக்குப் போனார். படம், இசை, கோட் (கணினி நிரல்) மூன்றையும் அவரே செய்தார். அவர் ஜெயித்த பிறகுதான் நமக்கு அவர் பெயர் தெரியவந்தது. அதேபோல நாலரை ஆண்டு உழைத்து, வெளியிட்ட வாரத்திலேயே மறக்கப்பட்டவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களில் இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும். இருவரும் நல்ல உழைப்பாளிகள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். வீட்டு வாடகை, சாப்பாடு, அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். 4 லட்சம் பதின்மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. முதல் ஆறு மாதம் கற்றுக்கொள்வதிலேயே போகும். எட்டாவது மாதம் தூக்கம் கெடும். பயத்தோடு உட்கார்ந்து எழுதும் கோடில் பிழை மலிவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, வேலையில் இருந்தபடியே வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஒதுக்குவது. இது மெதுவான வழிதான், ஆனால் தோற்றாலும் குடும்பம் குலையாது. இரண்டாவது, ஒரு கேம் நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர முயல்வது. உங்கள் அனுபவம் அங்கே நேரடியாகச் செல்லும். சம்பளம் இப்போதையதைவிடக் குறையலாம், வெளியீட்டு நேரத்தில் இரவு பகல் பார்க்க முடியாது, சொந்த கேமுக்கு மிச்சம் இருக்கும் தெம்பும் குறையும். மூன்றாவது நீங்கள் நினைத்திருக்கும் ராஜினாமா. முதல் வழியில் இரண்டு சிறு கேமை முடித்து, முன்பின் தெரியாதவர்கள் ஆடி, அதில் சிலர் “அடுத்தது எப்போது?” என்று கேட்ட பிறகு மூன்றாவதைப் பற்றி மறுபடி எழுதுங்கள். அப்போது என் பதில் வேறாக இருக்கலாம்.

இதைத் தொழிலாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம் வாசிப்பவரிடம் “சபாவில் எப்போது கச்சேரி?” என்று நாம் நெருக்குவதில்லை. கேம் செய்பவரிடம் மட்டும் “எவ்வளவு வந்தது?” என்று கேட்கிறோம். வருமானம் வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

எந்த இன்ஜின்?

ஒன்றரை ஆண்டில் மூன்று என்றால், ஒவ்வொன்றிலும் கடினமான இடம் வந்ததும் அடுத்ததற்குத் தாவியிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் அந்த இடம் உண்டு. ஆனாலும் நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்: உங்கள் நோக்கத்துக்கு கோடோ 4.

முதல் காரணம், அது எம்ஐடி உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள். விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. நாளைக்கு விதி மாறிவிடுமோ என்ற கவலையும் இல்லை. யூனிட்டி என்ற இன்னொரு இன்ஜினை நடத்தும் நிறுவனம் 2023 செப்டம்பரில், கேமை ஒருவர் தன் கருவியில் நிறுவும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது எங்கள் துறையே ஆடிப்போனது. ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டார்கள். யூனிட்டி இன்றும் நல்ல கருவிதான், வேலைவாய்ப்பும் அதில் நிறைய உண்டு. தனியாளாகத் தொடங்கும் ஒருவருக்கு அந்த நிச்சயமின்மை வேண்டாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது காரணம் தமிழ். ஆங்கிலப் பாடங்கள் எதிலும் இது வராது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘கொ’ என்பது கணினிக்குள் ‘க’ என்ற குறியும் அதன் பின்னால் ஓர் உயிர்க்குறியும். திரையில் காட்டும்போது அந்த உயிர்க்குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத இன்ஜினில் ‘கொக்கு’ என்று எழுதினால் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டங்களோடு சிதறிக் கிடக்கும். கோடோவின் பழைய 3-ஆம் பதிப்பில் இந்த வசதி இல்லை, 2023-இல் வந்த 4-இல் இருக்கிறது. யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் எழுத்துக் கருவியில் இது இயல்பாகச் சரியாக வராமல் நான் பட்ட பாடு அதிகம். எந்த இன்ஜினை எடுத்தாலும் முதல் நாளே ‘கொக்கு, கௌதாரி, பூனை, ஸ்ரீ’ என்று நாலு சொல்லைத் திரையில் போட்டுப் பாருங்கள்.

வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் வித்தையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறி. குறிகளை எண்ணிக் காட்டினால் ‘வணக’ என்று வந்து, அப்புறம் புள்ளி தனியாகக் குதித்து விழும். முழு எழுத்தாக எண்ணும்படி எழுத வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அகப்பட்ட அழகான எழுத்துருவை உரிமம் பார்க்காமல் கேமுக்குள் போடாதீர்கள்.

இனி மூன்று மாதத்துக்கு வேறு இன்ஜின் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்யுங்கள். வகுப்புகளும் போதும்.

யோசனையைத் திருடிவிடுவார்களா?

காப்புரிமை கிடைக்காது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, பிரிவு 3-இல் எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்ற பட்டியல் இருக்கிறது. வெறும் கணினி நிரலும் விளையாட்டு ஆடும் முறையும் அதில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கின்றன. பதிப்புரிமை தானாகவே வரும். ஆனால் அது நீங்கள் எழுதிய கோட், வசனம், படம், இசை ஆகியவற்றைத்தான் காக்கும். ‘சோழர் கடற்படை கேம்’ என்ற யோசனையைக் காக்காது. ஒரு நாடகமும் திரைப்படமும் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதே விதி உங்களுக்கும் சாதகமானது. 1025-இல் நடந்த படையெடுப்பை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். வரலாற்றில் இல்லாமல் ஒரு நாவலாசிரியர் கற்பனையில் பிறந்த பாத்திரம் என்றால், அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

யோசனையைத் திருட யாரும் காத்திருக்கவில்லை என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் உண்மை அதுதான். இத்துறையில் உள்ள ஒவ்வொருவர் பையிலும் செய்து முடிக்காத பத்து யோசனை கிடக்கிறது. மறைத்து வைத்ததில் உங்களுக்கு நேர்ந்த இழப்பு பெரிது: ஒன்றரை ஆண்டாக ஒருவரும் “இது கொஞ்சம் அதிகமாக இல்லையா?” என்று உங்களைக் கேட்கவில்லை.

நிறுவனமும் நண்பரும்

உங்கள் பணி ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-இன்படி, பணியின் பகுதியாகச் செய்ததற்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். வீட்டில், சொந்தக் கணினியில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் செய்வது பொதுவாக இதில் அடங்காது. ஆனால் சில ஒப்பந்தங்களில் ‘பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே’ என்று அகலமாக எழுதியிருப்பார்கள். வெளி வேலையே கூடாது என்றும் இருக்கும். அப்படி வரி இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், முடிந்தால் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அலுவலக மடிக்கணினியில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் கேமை அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில், தான் வேலை பார்த்த அரசு ஆய்வு மையத்தின் கணினியில் எழுதினார். உலகமே அதை ஆடியது. அதன் உரிமை அவர் கைக்கு வந்தது 1996-இல். அது சோவியத் சட்டம், வேறு காலம்; என்றாலும் அந்தப் பன்னிரண்டு ஆண்டை நான் மறப்பதில்லை.

நண்பருடன் வாய்ப்பேச்சு போதாது. அவர் வரைந்த படம் அவருடையது. அதன் உரிமை எழுத்தில் கைமாறினால்தான் செல்லும். பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இதில் உண்டு: எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்று எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். நீங்களோ உலகம் முழுக்க விற்க நினைக்கிறீர்கள். ஒரே பக்கம் போதும்: யார் எதைச் செய்வது, பங்கு எவ்வளவு, ஒருவர் நடுவில் விலகினால் என்ன, காலம், எல்லை. நட்பு நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுங்கள். பாதிப் பங்கு என்று சொல்லிவிட்டு நீங்கள் நாலாண்டு உழைத்து, அவர் நாலு மாதம் வரைந்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கேமின் இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். “பத்து விநாடி போட்டால் பரவாயில்லை” என்று ஒரு நம்பிக்கை சுற்றிவருகிறது. அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை. கென்னி என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான படங்களும் ஒலிகளும் கட்டணமில்லாமல், பெயர் குறிப்பிட வேண்டிய நிபந்தனைகூட இல்லாமல் கிடைக்கின்றன. பயிற்சிக்கு அவை தாராளம்.

அப்படியானால் எதைச் செய்வது?

பல்லாங்குழி.

யோசித்துத்தான் சொல்கிறேன். விதிகள் ஏற்கனவே தயார், ஆகவே 60 பக்கம் எழுத வேண்டியதில்லை. ஓடும் குதிரையும் அலையடிக்கும் கடலும் தேவையில்லை. பதினான்கு வட்டமும் கொஞ்சம் சோழியும் போதும். நிரலில் அது பதினான்கு எண்கள் கொண்ட ஒரு வரிசை, அவ்வளவுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு கேமுக்கு வேண்டிய எல்லாமே அதற்குள் வந்துவிடும். குழியைத் தொட்டால் முத்துகள் ஒவ்வொன்றாக விழ வேண்டும். கடைசி முத்துக்கு அடுத்த குழியை அள்ளி மறுபடி தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் தடவி, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுக்க வேண்டும். நான்கு சேர்ந்தால் பசு; ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கவனித்து உரியவரிடம் சேர்க்க வேண்டும். முறை மாறுவது, வெற்றி தோல்வி, கணினி எதிராளி, ஒலி, தொடக்கத் திரை, சேமிப்பு எல்லாம் உண்டு. கணிதம் வராது என்று பயப்படுகிறீர்கள். குழிகளைக் கணினி சுழியத்திலிருந்து எண்ணும்; பதின்மூன்றாம் குழி தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்புவது எப்படி என்பதுதான் இதில் வரும் கடினமான கணக்கு.

முதல் இரண்டு வாரம் அழகைத் தொடாதீர்கள். சாம்பல் நிற வட்டமும் அதற்குள் எண்ணும் இருந்தால் போதும். டெட்ரிஸின் முதல் வடிவம் வெறும் எழுத்துக்குறிகளால் வரைந்த கட்டங்கள்தான், அந்தக் கணினியில் படம் போட வழியே இல்லை. அதிலேயே அது ஆட்களைக் கட்டிப்போட்டது. வேலை முழுவதையும் கிட் (Git) என்ற, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி கொண்டு சேமித்து, இணையத்திலும் ஒரு நகல் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்துப்போய் மூன்று மாத உழைப்பை இழந்தவன் சொல்கிறேன்.

ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு அருமையான யோசனை வரும். வேறோர் ஆட்டமுறையும் சேர்க்கலாமே, ஆன்லைனில் ஆட விடலாமே என்று தோன்றும். ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுக் குழிக்குத் திரும்புங்கள்.

முடித்ததும், சிறு கேம்களை வெளியிட உதவும் இட்ச் டாட் ஐஓ தளத்தில் போடுங்கள், அங்கே கட்டணம் இல்லை. கூகுள் ப்ளேயில் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் வெளியிடும் முன் பன்னிரண்டு பேரைப் பதினான்கு நாள் தொடர்ந்து சோதிக்க வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பலரும் இதைத் தடங்கலாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு நல்லதுதான், பன்னிரண்டு பேரிடம் வாய் திறந்து கேட்டாக வேண்டும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர். முதல் கேமுக்கு அது வேண்டாம். அதன்பிறகு லூடம் டேர் போன்ற கேம் ஜாம் ஒன்றில் சேருங்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு கேமை முடித்துக் கொடுக்க வேண்டும். எதை வெட்டுவது என்று அங்கே கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது.

கடாரம் எங்கும் போய்விடாது. அதிலிருந்து ஒரே துறைமுகம், ஒரே கப்பல், பதினைந்து நிமிடம் என்று எடுத்து மூன்றாவது கேமாகச் செய்யலாம். ஆன்லைனில் பலர் ஆடுவதை மட்டும் இப்போதே அடித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி, பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கிறது. நீங்கள் செய்வது அந்த வகை இல்லை என்று அவரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தியை அவர் தினம் தினம் பார்த்திருப்பார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஜூன் ராஜினாமா இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே கேளுங்கள்: உங்கள் ஊரில் குழிக்கு ஐந்து முத்தா, ஆறா? பசு யாருக்குச் சேரும்? தோற்றவர் குழியை எப்படி மூடிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார்கள்? ஊருக்கு ஊர் இது மாறும், டெல்டாவுக்குள்ளேயே மாறும். அவர் சொல்வதுதான் உங்கள் கேமின் விதிமுறை. இரண்டாவது வார முடிவில் அந்தச் சாம்பல் வட்டங்களை போனில் ஏற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தொட வேண்டும் என்று சொல்லித் தராதீர்கள். அவர் விரல் முதலில் எங்கே போகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.